முடுக்கிக் காந்தத்தில் கம்பி பத்து மைக்ரான் நகர்ந்தால்

துகள் முடுக்கியின் காந்தச் சுருளில் இருப்பது மீக்கடத்திக் கம்பி, கடுங்குளிரில் மின்தடையே இல்லாதது. அந்தக் கம்பியில் சதுர மில்லிமீட்டருக்கு 500 ஆம்பியர் ஓடுகிறது, சுற்றிலும் 8 டெஸ்லா புலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் கன மீட்டருக்கு 400 கோடி நியூட்டன். இந்த விசையில் கம்பி வெறும் 10 மைக்ரான் நழுவினால், கன சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் வேலை நடந்திருக்கும். அதில் ஒரு பங்கு உராய்வில் வெப்பமாகும். சாதாரண அறை வெப்பத்தில் இதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். ஆனால் 1.9 கெல்வினில் உலோகத்துக்கு வெப்பத்தைத் தாங்கும் கொள்ளளவு ஏறக்குறைய இல்லை. சில மில்லிஜூலிலேயே அந்த இடம் மீக்கடத்தும் தன்மையை இழந்து, சூடு பக்கத்துக்குப் பரவத் தொடங்கிவிடும். இதுதான் குவெஞ்ச்.

செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. துகள் முடுக்கியில் 1232 இருமுனைக் காந்தங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம். 11,850 ஆம்பியரில் 8.33 டெஸ்லா வரும்போது, மீட்டருக்குச் சுமார் 400 டன் விசை சுருளைப் பிதுக்கப் பார்க்கும். மின்சாரம் ஏற்றிய பிறகு பிடிக்க முடியாது, முன்பே நெருக்கிப் பிடித்திருக்க வேண்டும். அங்கே இதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காலர்கள், அதாவது சுருளைக் கழுத்துப்பட்டை போல இறுக்கிப் பிடிக்கும் தகடுகள். சுருள்களைச் சுற்றிக் காலர் தகடுகளை அடுக்கி, பிரஸ்ஸில் அழுத்தி, துளைகளில் தண்டுகளைச் செருகிவிட்டுப் பிரஸ்ஸை விடுவிப்பார்கள்.

பிடியின் கணக்கு இங்கேதான் வழுக்கும். பிரஸ்ஸை விட்டதும் காலர் கொஞ்சம் மீள்வதால் அழுத்தம் ஒருமுறை குறையும். குளிரும்போது சுருள் ஸ்டீலைவிட அதிகம் சுருங்குவதால் இன்னொரு முறை குறையும். ஈடுகட்ட முதலிலேயே கூடுதலாக அழுத்தினால் கம்பியின் மின்காப்புப் படலம் நசுங்கி, சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகும். அதனால்தான் காலர் போடும் முன் ஒவ்வொரு சுருளின் அளவையும் நீளம் நெடுகப் பல இடங்களில் அழுத்தம் கொடுத்தே அளக்கிறார்கள். குறைகிற இடத்தில் ஷிம் எனும் மெல்லிய நிரப்புத் தகடு வைப்பார்கள். 0.1 மில்லிமீட்டரைக் கவனிக்காமல் விட்டால் அழுத்தம் பத்து மெகாபாஸ்கல் கணக்கில் மாறும். புலத்தின் தரமும் கெடும். அங்கே பிழையை எண்ணும் அலகே முதன்மைப் புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

இதெல்லாம் நியோபியம்-டைட்டானியம் கம்பிக்கு. அது வளையும், கொஞ்சம் முரட்டுத்தனத்தையும் பொறுக்கும். 10 டெஸ்லாவைத் தாண்ட வேண்டுமென்றால் நியோபியம்-டின் (டின் என்றால் வெள்ளீயம்) வேண்டும், அது பீங்கான் போல நொறுங்கும். எனவே முதலில் சுற்றிவிட்டு, பிறகு உலையில் வைத்து மீக்கடத்தியாக மாற்றுகிறார்கள். சுற்றும்போது கம்பிக்குள் நியோபியமும் டின்னும் தனித்தனியாகத்தான் இருக்கும்.

உலையில் அவசரம் கூடாது. டின் 232 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு முன்பே, 210 டிகிரி அளவில், ஏறக்குறைய இரண்டு நாள் நிறுத்த வேண்டும். டின் மெல்லக் கம்பியிலுள்ள தாமிரத்தில் கலக்க இந்த நேரம். அவசரப்பட்டு ஏற்றினால் உருகிய டின் கம்பியைப் பிளந்துகொண்டு வெளியே கசியும், அந்தச் சுருள் கையைவிட்டுப் போனது போலத்தான். அடுத்து 400 டிகிரி, கடைசியாக 650 முதல் 665 டிகிரி. முழுச் சுற்றும் முடிய வாரத்துக்கும் மேல் ஆகும். வழக்கமான மின்காப்பான பாலிஇமைடு பிளாஸ்டிக் படலம் இந்தச் சூட்டைத் தாங்காது, ஆகவே இங்கே காப்பு கண்ணாடி இழை. இழையில் பூசியிருக்கும் கரிமப் பூச்சு மீந்துவிட்டால் கரியாகி, அதுவே மின்சாரத்துக்கு வழி கொடுக்கும்.

இன்னொரு சிக்கல், உலையில் இந்த வினை நடக்கும்போது கேபிள் தடிமனில் நான்கு சதவீதம் அளவில் பருக்கும், நீளத்தில் சுருங்கப் பார்க்கும். அச்சில் அந்த இடத்தை முன்கூட்டியே விடாவிட்டால் கம்பி தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். சுருளின் நடுவில் வரும் துருவத் துண்டுகளுக்கிடையே (கம்பி சுற்றப்படும் நடுக்கட்டைகள்) இடைவெளி விடுவதும் இதற்காகவே. உலையிலிருந்து வந்தபின் முனைக் கம்பிகளைத் தூக்கி வளைத்தால் தீர்ந்தது கதை. தாங்குதட்டில் கிடத்தியபடியே நியோபியம்-டைட்டானியம் கேபிளோடு சால்டர் வைக்க வேண்டும். அப்புறம் வெற்றிடத்தில் எபாக்சி ஊற்றி இறுக்குவார்கள்.

இவ்வளவு நொய்மையான சுருளைக் காலர் பிரஸ்ஸில் கொடுக்க யாருக்கும் மனம் வராது. சுமார் 150 மெகாபாஸ்கலைத் தாண்டினாலே கம்பி தரமிழக்கத் தொடங்கும். எல்.எச்.சி.யின் திறன்கூட்டலுக்கான நான்முனைக் காந்தங்களில் வேறு வழி: சுருளைச் சுற்றி இரும்பு, அதற்கு வெளியே அலுமினிய உறை. நடுவே மெல்லிய ஸ்டீல் பைகளைச் செருகி, அவற்றில் தண்ணீரைச் சில நூறு பார் அழுத்தத்துக்கு ஏற்றினால் இடைவெளி திறக்கும். அதில் ஆப்பு போன்ற சாவித் துண்டுகளை நுழைத்துவிட்டுப் பையை வெளியே எடுத்துவிடலாம். குளிரும்போது அலுமினியம் மீட்டருக்கு 4 மில்லிமீட்டர் சுருங்கும், இரும்பு 2 தான். காலரில் குளிர் பிடியைத் தளர்த்தியது. இங்கே அதே குளிர் இறுக்குகிறது. என் மதிப்பில் இந்தத் துறையின் மிக நேர்த்தியான யோசனை இதுதான்.

சோதனையில் முதல் குவெஞ்ச் இலக்குக்குக் கீழே வந்தால் பதறத் தேவையில்லை. ஒவ்வொரு குவெஞ்சிலும் கம்பி இன்னும் கொஞ்சம் பொருந்தி உட்காரும், மின்னோட்டம் படிப்படியாக ஏறும். எங்கே தொடங்கியது என்பதை சுருளில் ஆங்காங்கே இணைத்திருக்கும் மின்னழுத்தம் அளக்கும் கம்பிகள் காட்டிவிடும். இடம் மாறி மாறி வந்து, எண் ஏறிக்கொண்டே போனால் நல்லது. அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து மறுபடி குளிர்வித்த பிறகும் எட்டிய அளவை மறக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே ஆம்பியரில் திரும்பத் திரும்ப நின்றால் 4.5 கெல்வினிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் கிட்டத்தட்ட அதே ஆம்பியர் என்றால் ஏதோ ஒன்று அசைகிறது, பிடியை மாற்றிப் பார்க்கலாம். வெப்பம் கூடியதற்கேற்ப எண்ணும் இறங்கினால் கம்பியே அடிபட்டிருக்கிறது. அந்தச் சுருளை வெட்டித் திறந்து, குறுக்குவெட்டில் விரிசலைத் தேடத்தான் வேண்டும்.