இரண்டாவது ஏழு

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். நிர்ணயித்த கிலோ கொழுந்தை எடுத்தவருக்கு முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமல்ல. அம்மா அரைப் பேரோடு வந்த மாலைகளில் எங்கள் வீட்டில் பேச்சே குறைந்திருக்கும். அப்படியிருந்தும், ஒரு பெண்ணின் முழுப் பேரை அரைப் பேராக்கிய நிரல் வரியை எழுதியவன் நானேதான்.

இலங்கையின் ஹட்டனிலிருந்து இயங்கிய ஒரு சிறு மென்பொருள் குழுவில், பதிவுகள் எல்லாம் வந்து சேரும் மையக் கணினியான சர்வரின் பக்கத்தைக் கவனிப்பது என் வேலை. கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கையடக்கக் கருவி இருக்கும். நிறுப்பவர் தொழிலாளியின் இலக்கத்தையும் கிலோவையும் அதில் பதிவார். அந்தப் பதிவு தொலைபேசி வலையமைப்பு வழியாக சர்வருக்கு வந்து, மாத முடிவில் சம்பளக் கணக்காகும். காகிதத்தில் வரைந்தபோது இது ஒரே ஒரு நேர்கோடாகத்தான் இருந்தது. தோட்டத்திலோ ஒரு வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும். எதிரேயுள்ள மலை தொலைபேசிக் கோபுரத்தை மறைத்துக்கொள்ளும்.

முதலில் வந்த பிழை, கிலோ இரட்டிப்பானது. கருவி அனுப்பிய பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்து எழுதப்பட்டும் விட்டது. ஆனால் 'கிடைத்தது' என்ற பதில் திரும்பி வரும் வழியில் தொலைந்துபோனது. பதில் வராத கருவி, பதிவே போகவில்லை என்று எண்ணி மறுபடியும் அனுப்பியது. சர்வரும் அதைப் புதிய நிறுவையாக எடுத்துக்கொண்டது. பதில் வரவில்லை என்பதும் காரியம் நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல என்று பாடமாகப் படித்திருந்தோம். ஆனால் எங்கள் மேசையில் வைத்துச் சோதித்தபோது பதில் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆகவே படித்தது நினைவுக்கும் வரவில்லை.

தோட்ட நிர்வாகம் அவசரப்படுத்தியது. நான் ஒரே இரவில் ஒரு விதியை எழுதினேன்: ஒரே ஆள், ஒரே நாள், ஒரே கிலோ என்று இரண்டு பதிவுகள் இருந்தால் இரண்டாவதை நீக்கிவிடு. நேரத்தையும் ஒப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாங்கள் சேமித்து வந்தது கொழுந்து நிறுத்த நேரத்தையல்ல, பதிவு சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை. நாள் முழுக்க சிக்னல் இல்லாத மடுவத்திலிருந்து காலை, பகல், அந்தி என மூன்று நிறுவைகளும் மாலையில் ஒரே நிமிடத்தில் வந்து விழும்போது, அந்த நேரத்தை வைத்து எதைப் பிரிப்பது?

அந்த விதி மூன்று வாரங்கள் ஓடியது. இரட்டிப்பு நின்றது, நிர்வாகம் பாராட்டியது. பிறகு சம்பளத் துண்டோடு ஓர் அக்கா மடுவத்தில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, காலையிலயும் ஏழு, பகல்லயும் ஏழு, அந்தியில ஆறு. மொத்தம் இருவது. நீங்க பதிமூணுனு போட்டிருக்கீங்க. அந்த ரெண்டாவது ஏழு எங்க போச்சு?"

அந்தத் தோட்டத்தில் 18 கிலோவுக்கு முழுப் பேர். கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்துவிட்டு முழுக் கிலோவாகவே எழுதுவார்கள். ஆதலால் ஒருவருக்கு ஒரே நாளில் ஒரே எண் இரண்டு முறை வருவது அபூர்வமே அல்ல. அம்மாவின் கைச்சீட்டுகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு அது. நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்திருந்த வேளை. சம்பளத்தைக் கூட்டிவிட்டுக் கிலோவையும் கூட்டுகிறார்கள் என்ற முறைப்பாடு பல தோட்டங்களில் எழுந்திருந்தது. காணாமற்போன ஏழு கிலோவை யாரும் மென்பொருள் பிழை என்று நினைக்கவில்லை. திருட்டு என்றே நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீக்கிய பதிவுகளை நான் உண்மையிலேயே அழித்திருந்தேன். 'நீக்கப்பட்டது' என்று ஓர் அடையாளம் இட்டு வைத்திருந்தால் ஒரு மணித்தியாலத்தில் மீட்டிருக்கலாம். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது, நிறுப்பவர் பழக்கதோஷத்தால் விடாமல் எழுதி வந்த கொப்பிதான். மழையில் நனைந்து ஓரம் சுருண்டிருந்த அந்தப் பக்கங்களை அவரோடு உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிட்டு, உரியவர்களுக்கு மறு மாதச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தோம்.

சரியான தீர்வு நெடுநாளாகத் தெரிந்ததுதான்: ஒவ்வொரு நிறுவைக்கும் வேறெதற்கும் வராத தனி இலக்கம் ஒன்றைக் கருவியே கொடுக்க வேண்டும், அதே இலக்கம் மறுபடி வந்தால் சர்வர் எதையும் எழுதாமல் பழைய பதிலையே திருப்பிச் சொல்ல வேண்டும். இதிலும் ஒருமுறை சறுக்கினோம். அந்த இலக்கத்தை அனுப்பும் நேரத்தில் உண்டாக்கியதால், ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் புதிய இலக்கம் கிடைத்தது. நிறுப்பவர் பொத்தானை அழுத்தும் கணத்திலேயே அது பிறக்க வேண்டும். சர்வரிலும், முதலில் தேடிப் பார்த்து இல்லையென்றால் எழுது என்ற முறை போதவில்லை. இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தால் இரண்டுமே 'இல்லை' என்ற விடையைப் பெற்று இரண்டுமே எழுதிவிடும். அந்தக் காவலைத் தரவுத்தளத்திடமே விட்டுவிட்டோம். எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸில், ஒரே இலக்கத்தை இருமுறை ஏற்காத தனித்துவக் கட்டுப்பாடு ஒன்றை வைத்துவிட்டால் இரண்டாவதை அதுவே மறுத்துவிடும்.

கொழுந்து நிறுத்த நேரத்தையும் சேமிக்கத் தொடங்கியதும் வேறொரு வேடிக்கை. பற்றரி முற்றாக இறங்கிய சில கருவிகள் தங்கள் கடிகாரத்தை மறந்து, 1970 ஜனவரி 1ஆம் திகதி கொழுந்து நிறுத்ததாகச் சொல்லின. பல கணினி அமைப்புகள் நேரத்தை அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குகின்றன. அதனால் கருவியின் நேரம், சர்வரின் நேரம் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றை மற்றொன்றின் மேல் எழுதாமல் விட்டோம்.

2022 மார்ச் இறுதியில் மின்துண்டிப்பு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. கோபுரத்தின் பற்றரி தீர்ந்தால் சிக்னலும் போகும். மின்சாரம் வந்ததும் எல்லா மடுவங்களும் ஒன்றாகப் பேசத் தொடங்கும். பதில் தாமதித்தால் ஐந்து விநாடிக்கு ஒருமுறை மறுபடி அனுப்பும்படி கருவிகளுக்கு நாங்களே சொல்லிக்கொடுத்திருந்தோம். தரவுத்தளத்தின் நூறு இணைப்புகளும் நிரம்பின, பதில் தாமதித்தது, தாமதித்ததால் இன்னும் கோரிக்கைகள் வந்தன. சர்வரை நிறுத்தி மறுபடி தொடக்கினால் எழுந்த வேகத்திலேயே விழுந்தது. அதன் பிறகு, ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கி, அதோடு தற்செயலான சில விநாடிகளையும் சேர்க்கும்படி மாற்றினோம். அந்தத் தற்செயல் சிறியதாகத் தெரிந்தாலும் வேலை செய்வது அதுதான். அது இல்லாவிட்டால் எல்லாக் கருவிகளும் ஒன்றாகக் காத்திருந்து ஒன்றாகவே திரும்பி வரும். அன்று சர்வர் விழுந்தும் ஒரு கிலோகூட இரட்டிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

தரவின் காப்புப் பிரதியான பேக்கப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளைத் தவறுதலாக அழித்தபோது, இருப்பதாக நம்பிய பேக்கப் முறைகள் பல கைகொடுக்காமல், ஏறத்தாழ ஆறு மணித்தியாலத் தரவு போனது. அதை அவர்களே மறைக்காமல் எழுதினார்கள். அதைப் படித்த பின், மாதம் ஒருமுறை எங்கள் பேக்கப்பை வெற்று சர்வரொன்றில் ஏற்றி, ஒரு தோட்டத்தின் சம்பளத்தை முழுதாகக் கணக்கிட்டுப் பார்க்கிறோம். சலிப்பான வேலை. இரண்டு முறை அது தோற்றிருக்கிறது.

இப்போது கருவியின் திரையில் மொத்தத்தோடு மூன்று நிறுவைகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. கொப்பியை நிறுத்திவிடலாமே என்று நிர்வாகம் ஒருமுறை கேட்டது, வேண்டாம் என்றேன். அந்த அக்கா திரையைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, கொப்பியிலும் அதே மூன்று எண்கள் விழுகின்றனவா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் வெறுங்கூடையைத் தலையில் மாட்டுவார்.