ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருந்த தியேட்டர்

நாங்கள் இருக்கும் அமெரிக்கச் சிற்றூரில் பூட்டிக் கிடந்த பழைய தியேட்டரைத் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் குற்றத்துக்கு விண்ணப்பம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

கட்டடம் 50 வயது தாண்டினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அது வாசற்படிதான். இடம், வடிவமைப்பு, சுற்றுப்புறம், பொருள்கள், வேலைப்பாடு, உணர்வு, தொடர்பு என்று ஏழு கோணங்களில், பழைய கட்டடம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று காட்ட வேண்டும். எங்கள் தியேட்டரிலோ 1970களில் நடுவே சுவர் எழுப்பி இரண்டு திரையாக்கி, மேலே ஃபால்ஸ் சீலிங்கும் போட்டுவிட்டார்கள்.

கட்டிய ஆண்டைக் கண்டுபிடிக்க சான்பார்ன் வரைபடங்கள் கைகொடுத்தன. தீக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக வரைந்தவை. செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள். ஒரு பதிப்பில் அந்த மனையில் மஞ்சள் லாயம், அடுத்த பதிப்பில் இளஞ்சிவப்பு தியேட்டர். இடைப்பட்ட ஆண்டுகளின் நாளிதழ்களை மைக்ரோஃபிலிமில் ஓட்டித் திறப்பு விழாவைப் பிடித்தேன். அதில் 900 இருக்கை என்று பெருமையடித்திருந்தார்கள். அப்படியே எழுதினேன், ஆதாரம் கேட்டு வரைவு திரும்பி வந்தது. அப்புறம் மண்டியிட்டு, தரையில் இருக்கைகளை முடுக்கியிருந்த போல்ட் துளைகளை எண்ணினேன். 640கூடத் தேறவில்லை!

சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி டார்ச் அடித்த நாள்தான் விண்ணப்பம் பிழைத்தது. மேடை வளைவு, சுண்ணப் பூவேலை, பக்கத்தில் மௌனப் பட காலத்து ஆர்கன் (குழாய்களால் ஒலிக்கும் இசைக்கருவி) அறையின் சல்லடைத் தட்டி, எல்லாம் அப்படியே இருந்தன. ஆர்கன் குழாய்கள் மட்டும் இல்லை, புறா எச்சம்தான். ஃபிளாஷ் அந்தத் தூரத்துக்கு எட்டவில்லை. முக்காலியில் கேமராவை வைத்து 30 விநாடி திறந்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தை மெல்ல நகர்த்திப் படமெடுத்தோம்.

மிச்சமிருந்த தடை உரிமையாளர். பதிவேட்டில் ஏறினால் ஓர் ஆணிகூட அடிக்க முடியாதென்று பயந்தார். தனியார் உரிமையாளர் மறுத்தால் பதிவு நடக்காது. உண்மையில் சொந்தப் பணத்தில் செய்யும் எதையும் அந்தப் பதிவு தடுக்காது, இடிப்பதைக்கூட! எனக்கு அதுதான் வருத்தம், அவருக்கு நிம்மதி. வருமானம் தரும் கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் மத்திய வரியில் கழியும் என்றதும் சரி என்றார்.

மாநிலக் குழு ஒப்புக்கொண்டது. கோப்பு இப்போது வாஷிங்டனில், அங்கே முடிவு சொல்ல 45 நாள் கணக்கு. உரிமையாளர் கூரை ஒழுகலை அடைக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.