மாத்திரைப் பையோடு ஒரு ஆலோசனை

அம்மாவுக்கு 78 வயது. இரத்த அழுத்தத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், தூக்கத்துக்கு இன்னொருவர். எல்லோரும் அவரவர் துறையில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. இரவில் எழுந்தபோது அம்மா தடுமாறி விழுந்தார். அப்புறம்தான் முதியோர் மருத்துவர் ஒருவரிடம் போனோம்.

வீட்டிலிருக்கும் மருந்து எல்லாவற்றையும், நாமே கடையில் வாங்கிய வலி மாத்திரை உட்பட, பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். எது எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதியும் எடுத்துப் போனேன். இப்படிப் போகிறவர்கள் அந்தத் தாளைக் கட்டாயம் தயார் செய்யுங்கள்.

டாக்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம், "எதைச் செய்ய முடியலைன்னு உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்றார். "காலையில தனியா நடந்துட்டு வரணும். யாரும் கையைப் பிடிச்சுக்கிட்டு வரக்கூடாது" என்றார் அம்மா. எனக்கே புதிய செய்தி அது.

பிறகு டாக்டர் தாளில் விரலை ஓட்டினார். அழுத்தத்துக்குக் கொடுத்த அம்லோடிபின் கணுக்காலில் வீக்கம் உண்டாக்கக்கூடியது. அந்த வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. அதை மாலையில் போட்டதால் இரவெல்லாம் கழிப்பறை. தூக்கம் கெட்டதும் தூக்க மாத்திரை. படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை அழுத்தம் பார்த்தார்கள். நின்றதும் அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் குறைந்தது. விழாமல் என்ன செய்வார்!

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை. முதலில் அம்லோடிபினுக்குப் பதில் வேறு மருந்து. வீக்கம் வற்றியபின் நீர் மாத்திரையை நிறுத்தினார். தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து என்பதால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை (HbA1c) 7 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரப் பாடுபட்டுக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு 8-க்குக் கீழ் இருந்தால் போதும், சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயங்கி விழுவதுதான் பெரிய ஆபத்து என்றார்.

உடலோடு மனத்தையும் வாழும் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்று ஜார்ஜ் எங்கல் என்ற மருத்துவர் 1977-லேயே எழுதிவிட்டார். நடைமுறைக்கு வருவதுதான் தாமதம். இதற்கு நேரமும் வேண்டும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் இவ்வளவு பொறுமையாகக் கேட்க முடியாது என்பதும் உண்மை.

மற்ற டாக்டர்களுக்கு முதியோர் மருத்துவர் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தனுப்பினார். அழுத்தம் பார்ப்பவருக்கு மருந்து மாற்றம் பிடிக்கவில்லை. அவரும் அம்மாவை நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, சரி என்றார். அம்மா இப்போது தனியாகத்தான் நடந்துவிட்டு வருகிறார். கைத்தடி எடுத்துப் போகச் சொன்னால் மட்டும் தினமும் சண்டை.