நேபோ மலையில் சர்ப்பம் சுற்றிய சிலுவை

யோர்தான் நாட்டில் மாதபாவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் நேபோ மலை. கர்த்தர் வாக்களித்த கானான் தேசத்தை மோசே கண்ணால் பார்த்துவிட்டு, உள்ளே போகாமலே மரித்த இடம். பிரான்சிஸ்கன் துறவிகள் பராமரிக்கும் ஆலயத்துக்குள் கி.பி. 530-ஐச் சேர்ந்த கல்சித்திரத் தரை இருக்கிறது. குனிந்து பார்த்தால் நகக்கண் அளவுக் கற்களில் வேட்டைக்காரர்கள், மேய்ப்பன், ஒரு நெருப்புக்கோழிகூடத் தெரியும்.

வெளியே மலை விளிம்பில் இத்தாலியச் சிற்பி ஜொவான்னி ஃபான்டோனி வடித்த, சர்ப்பம் சுற்றிய உயரமான சிலுவை நிற்கிறது. அதன் முன்னால் ஒருவர் கண்மூடிக் கைகூப்பி நின்றார். எங்கள் குழுவில் வந்த அக்கா ஒருவர் போதகரிடம் மெல்லக் கேட்டார்: "ஐயா, இதுவும் விக்கிரகம்தானே?"

நல்ல கேள்வி. வேதாகமத்தில், எண்ணாகமம் 21-இல், வெண்கலச் சர்ப்பத்தைச் செய்யச் சொன்னவரே கர்த்தர்தான். வனாந்தரத்தில் பாம்புகளால் கடிபட்டவர்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து ஜனங்கள் அதற்கே தூபம் காட்ட, எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4). வெண்கலம் அதே வெண்கலம்தான். அப்போது தேவன் சொன்னதற்குக் கீழ்ப்படிந்து அதைப் பார்த்தார்கள், பின்னால் அதையே பிடித்துக்கொண்டார்கள். அதே சர்ப்பத்தைத்தான் இயேசு தம் சிலுவைக்கு அடையாளமாகச் சொன்னார் (யோவான் 3:14).

அதனால் சுரூபம் வைத்திருப்பவர்களைக் குறைசொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது என்றே நினைக்கிறேன். சுவரில் ஒரு படம்கூட இல்லாத சபையிலும் விக்கிரகம் இருக்கலாம். கேட்ட வேலையை, வீட்டை, விசாவைத் தருகிறவர், என் கருத்தோடு எப்போதும் ஒத்துப்போகிறவர், என் எதிரி அவருக்கும் எதிரி. இப்படி ஒரு தேவனை நாமே வார்த்து வைத்துக்கொண்டு அவரிடமே ஜெபிக்கிறோம். ஊழியரையும் ஆசீர்வாத வசனத்தையும்கூட அப்படி ஆக்கிவிடுகிறோம்.

இந்த மலையில் அது என்னை அதிகமாகவே உறுத்தியது. யோர்தான் நதியைக் கடக்க விடும்படி மோசே கெஞ்சினார். போதும், இதைப்பற்றி இனிப் பேசாதே என்று கர்த்தர் சொல்லிவிட்டார் (உபாகமம் 3:26). அவ்வளவு நெருங்கிப் பழகியவருக்கே அந்தப் பதில். நாம் செய்துகொண்ட தெய்வம் ஒருநாளும் மறுக்காது, மறுக்கவும் தெரியாது. மறுத்தவர் மோசேயைக் கைவிடவும் இல்லை. அவரே அடக்கம் பண்ணினார் என்கிறது உபாகமம். கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் தூபம் காட்டியிருப்போம்.

அப்புறம் போதகர் ஜெபிக்கச் சொன்னார். எதையும் கேட்காமல் ஜெபிக்க முயன்றேன்; கஷ்டமாகத்தான் இருந்தது.