கேஸ் போகவில்லை: ஒரு ஃப்ரீசரின் நாட்குறிப்பு

மே 3, சனி

ஐஸ்கிரீம் டப்பாவில் கரண்டி இறங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மல்லுக்கட்டி எடுக்க வேண்டியது, தடையே இல்லாமல் அடிவரை போனது. அம்மா ஐஸ் தட்டை மேசையில் தட்டிக் காட்டி, "கட்டி நன்றாகத்தானே உறைந்திருக்கிறது, இதில் என்ன குறை கண்டாய்?" என்றார்.

ஐஸ் கட்டியின் சாட்சியம் இந்த வழக்கில் செல்லாது. தண்ணீர் 0 டிகிரியிலேயே உறைந்துவிடும். மைனஸ் 5 ஆனாலும் மைனஸ் 20 ஆனாலும் கைக்கு ஒரே கெட்டிதான். ஐஸ்கிரீம் அப்படியல்ல. அதில் சர்க்கரை கரைந்திருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் மொத்தமாக ஒரே புள்ளியில் உறைவதில்லை. குளிர் குறையக் குறைய அதுவும் இளகிக்கொண்டே வரும். மைனஸ் 18-இல் இறுகி நிற்பது மைனஸ் 10-இல் குழைந்துவிடும். வீட்டில் யாரும் காசு கொடுத்து வாங்காத வெப்பமானி அது.

பழக்கமான மெக்கானிக்குக் கைபேசியில் சொன்னேன். நான் பேசி முடிப்பதற்குள், "கேஸ் போயிருக்கும் சார், நிரப்பிவிட்டால் சரியாகிவிடும்" என்றார். ஃப்ரிட்ஜைக் கண்ணால் பார்க்காமலே! குளிரவில்லை என்று யார் சொன்னாலும் இந்த ஒரே பதில்தான் வருகிறது. கேஸ் என்பது அடுப்பு எரிவாயுவைப் போலச் செலவாகித் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மே 4, ஞாயிறு

முதலில் எண் வேண்டும். நேற்று இரவு ஒரு வெப்பமானியை உறைந்த பொட்டலங்கள் இரண்டுக்கு நடுவே செருகி, காலை வரை கதவைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டேன். காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறந்த உடனே முள் ஏறிவிடும். பொட்டலங்களுக்கு நடுவே வைத்தால்தான் பொருள்களின் உண்மையான நிலை தெரியும். கீழ் அறைக்கு இன்னொரு வெப்பமானி, ஒரு தம்ளர் தண்ணீருக்குள்.

காலையில் ஃப்ரீசர் மைனஸ் 9. இருக்க வேண்டியது மைனஸ் 18. கீழ் அறை 9 டிகிரி; அது 4-ஐத் தாண்டக் கூடாது.

இரண்டு அறையும் சேர்ந்து கெட்டிருப்பது ஒரு துப்பு. எங்களுடையது தானாகவே பனியை உருக்கிக்கொள்ளும் வகை. குளிர்விக்கும் 'காயில்', அதாவது வளைந்து வளைந்து செல்லும் குழாய், ஒன்றே ஒன்று, ஃப்ரீசரின் பின்சுவருக்குள் மறைந்திருக்கிறது. ஒரு சிறிய ஃபேன் அங்கிருந்து குளிர்காற்றை ஃப்ரீசருக்குள் தள்ளும். அதில் ஒரு பங்கு கீழ் அறைக்கு இறங்கும். காற்றோட்டம் தடைபட்டால் முதலில் அடிபடுவது கீழ் அறைதான். பலரும் கீழே பால் திரிந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

பாலையும் சமைத்து வைத்திருந்தவற்றையும் கொட்டினேன். 4 டிகிரிக்கு மேல் எத்தனை மணி நேரம் கிடந்தனவோ, முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்கிற விஷயமில்லை இது. அம்மாவுக்குக் கோபம். ஃப்ரீசரில் உள்ளவை இன்னும் உறைந்தே இருக்கின்றன. அவற்றில் கை வைக்கவில்லை.

மே 5, திங்கள்

திருப்புளி தேவைப்படாத வேலைகளை முடித்தேன். குளிர்நிலைக் குமிழ் நடுவில்தான் இருக்கிறது, யாரும் திருப்பவில்லை. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் பிடிக்கிறது. கீல் பக்கம் கீழ் மூலையில் மட்டும் பிடி சற்றுத் தளர்வு. உள்ளே டார்ச்சை எரியவிட்டுக் கதவை மூடி, சமையலறை விளக்கை அணைத்தபோதும் அதே மூலையில் நூல் அளவுக்கு வெளிச்சம். ரப்பரை வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிட்டேன். இது குறைதான், ஆனால் 9 டிகிரி வித்தியாசத்துக்கு இது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பின்பக்கக் கண்டென்சரில் தூசி படை படையாக இருந்தது. உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடுகிற இடம் அது. அதைத் தூசி போர்த்தினால், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூரிகையால் தட்டி எடுத்தேன். ஃப்ரீசருக்குள் காற்று வரும் துளைகளை மறைத்து அடுக்கியிருந்த பொட்டலங்களையும் நகர்த்தினேன்.

மே 6, செவ்வாய்

மைனஸ் 10. இவ்வளவு துடைத்ததற்குக் கூலி ஒரே ஒரு டிகிரி.

இன்று காது கொடுத்துக் கேட்டேன். கம்ப்ரஸர் நிற்பதே இல்லை. அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்று முயன்று அடங்கிப்போனால், அதைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் ரிலே மீது சந்தேகம் வரும். இங்கே அது சீராகத்தான் ஓடுகிறது. ஃபேன் வேறு கதை. கதவைத் திறந்தால் அது நின்றுவிடும் என்பதால் கதவோரத்து சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்துக் கேட்க வேண்டும். சுற்றுகிறது, ஆனால் இறக்கை எதிலோ உரசுகிற 'சர்... சர்...' சத்தம். துளைகளுக்கு முன்னால் கையை வைத்தால் காற்று வருவதே தெரியவில்லை. பின்சுவர்த் தகட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் பனி.

தானாக உருக்கிக்கொள்ளும் ஃப்ரீசரின் சுவரில் பனிக்கு வேலையே இல்லை. கழற்றிப் பார்க்க வேண்டும். வார நாளில் முடியாது.

மே 10, சனி

பொருள்களை வெப்பம் புகாத பெட்டியில் நெருக்கி அடுக்கினேன். பிளக்கைப் பிடுங்கினேன். தகட்டின் திருகுகள் வந்துவிட்டன, தகடு வரவில்லை. பின்னால் பனியோடு ஒட்டிக்கிடந்தது. கத்தியால் நெம்பச் சொல்லி வந்த ஆலோசனையை மறுத்துவிட்டேன். காயில் அலுமினியம். ஒரு கீறல் விழுந்தால் போதும், அந்த மெக்கானிக் சொன்னது நிஜமாகிவிடும். மேலும் உள்ளே இருக்கும் கேஸ் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக்கூடியது. அடியில் வெந்நீர்ப் பாத்திரம் வைத்து, கதவைத் திறந்தே விட்டு, துண்டுகளைப் பரப்பிக் காத்திருந்தேன்.

தகடு கழன்றதும் தெரிந்த காட்சிக்காகத்தான் இந்தக் குறிப்பையே எழுதுகிறேன். காயிலைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ் வரை, இடம் வலம் வித்தியாசமில்லாமல், ஒரே சீரான வெள்ளைப் பலகை. காயிலின் மெல்லிய தகட்டுத் துடுப்புகளுக்கு இடையில் ஊசி நுழைய இடமில்லை. ஃபேன் இறக்கையின் ஓரத்தை எட்டிப்பிடித்து வளர்ந்திருந்த பனியில், இறக்கை உரசி உரசி வழவழப்பான ஒரு வளையத்தைச் செதுக்கியிருந்தது.

இந்தப் பனி எப்படிப் படிந்திருக்கிறது என்பதுதான் நோயைச் சொல்லும். கேஸ் குறைந்திருந்தால் காயிலின் தொடக்கச் சுற்றுகளில் மட்டும் பனி பிடித்திருக்கும், மற்ற இடம் வெறுமையாக இருக்கும். அத்தனை சுற்றையும் குளிர்விக்க அந்தக் கேஸ் போதாது. இங்கே கடைசிச் சுற்று வரை பனி மூடியிருக்கிறது. குளிர்விக்கும் வேலை குறையில்லாமல் நடக்கிறது. அந்தப் பனியை உருக்கும் வேலைதான் நடக்கவில்லை.

கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகிற ஈரம் காயிலில்தான் போய்ப் படியும். அதை உருக்க, கம்ப்ரஸர் 6 முதல் 12 மணி நேரம் வரை ஓடியதும் டைமர் அதை நிறுத்தி, காயிலுக்கு அடியிலுள்ள ஹீட்டருக்கு மின்சாரம் விடும். அரை மணி நேரத்துக்குள் பனி உருகிக் குழாய் வழியே கீழ்த்தட்டுக்கு வடிந்துவிடும். காயில் போதிய அளவு சூடேறியதும் ஹீட்டரைத் துண்டிக்க ஒரு பைமெட்டல் தெர்மோஸ்டாட், சூடு குளிரைப் பொறுத்து மின் இணைப்பைத் தானாகச் சேர்த்தும் பிரித்தும் விடுகிற சுவிட்ச். டைமர், ஹீட்டர், பைமெட்டல்: மூன்றில் ஒன்று படுத்துவிட்டது.

மே 11, ஞாயிறு

எல்லாவற்றையும் உருக்கி, வடிகுழாயில் வெந்நீர் ஊற்றி அடைப்பில்லை என்று பார்த்து, தகட்டை மாட்டி ஓடவிட்டேன். இன்று காலை ஃப்ரீசர் மைனஸ் 19, கீழ் அறை 4.

"சரியாகிவிட்டதே, இனி எதற்கு மெக்கானிக்?" என்கிறார் அம்மா. ஒரு வாரம் பொறுங்கள் என்றேன்.

மே 17, சனி

மைனஸ் 15. பின்தகட்டில் மறுபடியும் வெண்மை எட்டிப்பார்க்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் கேட்ட முதல் கேள்வியே "பின்னால் பனி எப்படிப் பிடித்திருக்கிறது சார்?" என்பதுதான். அந்த நொடியே அவரை வரச் சொல்லிவிட்டேன்.

மே 19, திங்கள்

வந்தவர் இளைஞர், பேச்சு குறைவு. டைமரின் குமிழைத் திருப்புளியால் மெல்லத் திருகினார். கம்ப்ரஸர் நின்றது, டைமர் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் காத்திருந்தும் ஹீட்டர் சூடாகவில்லை. பிளக்கைப் பிடுங்கி, மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரை வைத்தார். ஹீட்டர் கம்பி அறுந்திருந்தால் மீட்டர் எதையும் காட்டாது. இது ஓம் கணக்கை, அதாவது கம்பியின் மின்தடையை, சரியாகவே காட்டியது. மிச்சம் பைமெட்டல்.

அதைக் கழற்றி மேசைமேல் வைத்து அளந்தபோது இணைப்பில்லை என்று காட்டியது. நான் சட்டென்று, "கெட்டுவிட்டது" என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். "அறைச் சூட்டில் நல்லதும் இப்படித்தான் காட்டும், சார். கடுங்குளிரில் மட்டும்தான் இது மூடிக்கொண்டு இணைப்பைச் சேர்க்கும்." புதியதை வாங்கி மாட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், இவர் நிரூபித்துவிட்டுத்தான் பேசுகிறார்.

வெறும் ஐஸ் தண்ணீர் 0 டிகிரிக்குக் கீழே போகாது. ஆகவே ஐஸை நொறுக்கி உப்பைக் கலந்தோம். உப்பு சேர்ந்த ஐஸ் மைனஸ் 20 வரைகூட இறங்கும். எங்கள் பாத்திரத்தில் வெப்பமானி மைனஸ் 16 காட்டியது. பைமெட்டலை நெகிழிப் பையில் சுற்றி அதற்குள் அமுக்கி, கம்பி முனைகளை மட்டும் வெளியே நீட்டி மீட்டரில் சேர்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கை விறைக்கும் வரை பிடித்திருந்தும் மீட்டர் ஊமையாகவே இருந்தது. அவர் பையிலிருந்து புதியதை எடுத்து அதே பாத்திரத்தில் அமுக்கினார். சிறிது நேரத்தில் உள்ளே 'டிக்', உடனே மீட்டர் கூவியது. அம்மா ஆர்வத்தோடு எட்டிப்பார்த்து, "இந்தப் பொத்தான் அளவுக்குச் சாமானா இவ்வளவு பாடு படுத்தியது, தம்பி?" என்று கேட்டார்.

புதியதைக் காயிலின் குழாயில் இறுக்கமாகக் கவ்வவிட்டார். டைமரை மறுபடி திருகியதும் காயிலில் இருந்த பனி சொட்டத் தொடங்கியது. கேஸ் என்ற சொல்லை அவர் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மைனஸ் 19, மைனஸ் 18, மைனஸ் 19. குறித்துவைக்கவே சலிப்பாக இருக்கிறது. இந்தச் சலிப்பு நல்லதுதான். உருக்கும் நேரத்தில் காற்றின் சூடு கொஞ்சம் ஏறுகிறது, பொட்டலங்களுக்கு நடுவே இருக்கும் முள் அசைவதில்லை. கம்ப்ரஸர் இப்போது நின்று நின்று ஓடுகிறது. பின்தகடு சுத்தம்.

பழைய ஐஸ்கிரீம் மறுபடி இறுகிவிட்டது, ஆனால் வாயில் நறநறக்கிறது. இளகி மறுபடி உறையும்போது பனித்துகள்கள் பெரிதாகிவிடும். அதைத் திருத்த வழியில்லை. தூக்கிப் போட்டாயிற்று. பட்டாணிப் பை ஒரே கட்டியாகச் சேர்ந்திருக்கிறது, கெடவில்லை, உடைத்துப் பயன்படுத்துகிறோம்.

கீல் பக்கத்து ரப்பர் மூலையில் இன்னும் தாள் வழுக்கிக்கொண்டு வருகிறது. வெந்நீர் வைத்தியம் பலிக்கவில்லை. புது ரப்பருக்கு மாடல் எண்ணை எழுதி அந்தத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன்.