மகஜரில் நான் முதலில் தேடுவது

வாகனச் சோதனையில் கஞ்சா பிடிபட்டதாகச் சொல்லும் வழக்குக் கட்டு என் மேசைக்கு வரும்போது, எத்தனை கிலோ என்ற பக்கத்தை நான் கடைசியில்தான் படிப்பேன். வண்டியை நிறுத்தியதற்கும் டிக்கியைத் திறந்ததற்கும் இடையில், காவல் அதிகாரிக்குத் தேடும் அதிகாரம் எந்தச் சட்டப் பிரிவிலிருந்து வந்தது என்பதே குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வழக்கறிஞராகிய எனக்கு முதல் கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 130-ஆவது பிரிவின்படி, சீருடையில் உள்ள காவல் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியே ஆக வேண்டும். ஆனால் டிக்கியைத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை அந்தப் பிரிவு தரவில்லை. பெரும்பாலானோர் கேட்டவுடன் தாமாகவே திறந்து காட்டிவிடுகிறார்கள். அந்தப் பணிவைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதை என்னால் ஏற்க முடிவதில்லை.

போதைப்பொருள் சட்டத்தில் 42, 43 ஆகிய இரு பிரிவுகளுக்கும் உள்ள வேறுபாடு பல வழக்குகளின் தலையெழுத்தையே மாற்றக்கூடியது. பொது இடத்தில் நடக்கும் சோதனைக்கு உரியது 43. தகவல் கிடைத்து நடத்தப்படும் சோதனைக்கு 42-ஆவது பிரிவு பொருந்துமானால், அத்தகவலை எழுத்தில் பதிந்து, 72 மணி நேரத்துக்குள் அதன் நகலை மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சாலையில் நிற்கும் சொந்த வண்டியும் பொது இடம்தானே என்று அரசுத் தரப்பு வாதிடுவது வழக்கம். பூட்டா சிங் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், பொது வழியில் நின்றிருந்தாலும் தனியார் வாகனம் பொதுப் போக்குவரத்து வாகனம் ஆகாது, அதற்கு 42-ஆவது பிரிவே பொருந்தும் என்று கூறி, அப்பிரிவு அறவே பின்பற்றப்படாததால் தண்டனையை ரத்து செய்தது. அதனால்தான் ஆர்.சி. புத்தகத்தில் வண்டி எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது என்பதை நான் முதல் நாளே பார்த்துவிடுகிறேன்.

அடுத்தது மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றியதைப் பதியும் ஆவணம். சம்பவ இடத்திலேயே, சாட்சிகள் முன்னிலையில், வழக்குப் பதிவாவதற்கு முன்பே எழுதியதாகச் சொல்லப்படும் மகஜரின் தலைப்பில், வழக்குப் பதிவான பிறகே கிடைக்கும் குற்ற எண் இருந்தால், அந்த எண் அப்போது எப்படித் தெரிந்தது என்று குறுக்கு விசாரணையில் கேட்பேன். பிறகு நிலையத்தில் சேர்த்தோம் என்று பதில் வரும். உடனே அந்தத் தாளைச் சாட்சியின் கையில் கொடுத்து, எண்ணும் கீழேயுள்ள வரிகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், இடைவெளியில் நெருக்கி எழுதப்படாமல் இயல்பாக அமைந்திருப்பதை வரிவரியாகப் பார்க்கச் சொல்வேன். அதிகாரி சாலையில் உட்கார்ந்து எழுதினாரா, நிலையத்தில் உட்கார்ந்து எழுதினாரா என்பதைப் பல நேரங்களில் அந்த ஒரே தாள் சொல்லிவிடும்.

போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆவது பிரிவைப் பற்றியும் கட்சிக்காரர்கள் ஆவலுடன் கேட்பார்கள். நடுவர் (மாஜிஸ்திரேட்) அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கோரும் அந்த உரிமை உடல் சோதனைக்கு மட்டுமே உண்டு. கையில் உள்ள பைகளுக்கும் வண்டிக்கும் இல்லை.

அவர்களிடம் சொல்வதற்கு மிகவும் கடினமான செய்தி வேறொன்று. சோதனை சட்டப்படி நடக்கவில்லை என்று நிரூபித்தாலும், கிடைத்த பொருளைச் சாட்சியமாக ஏற்க அது மட்டுமே தடையாகாது என்று 1973-இல் பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அமெரிக்காவில், அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 1961-இன் மேப் தீர்ப்புக்குப் பிறகு மாநில நீதிமன்றங்களும் அத்தகைய பொருளைப் பொதுவாக ஒதுக்கிவிடுகின்றன. இங்கே, போதைப்பொருள் சட்டத்தைப் போலச் சட்டமே கட்டாய நிபந்தனை விதித்துள்ள இடங்களைத் தவிர, முறைகேடு பெரும்பாலும் சாட்சியத்தின் நம்பகத்தன்மையைக் குறைக்க மட்டுமே பயன்படுகிறது. சாலையில் தடுத்து நிறுத்தப்படும் எளிய மனிதருக்கு இது போதிய பாதுகாப்பு அன்று என்பதே என் உறுதியான கருத்து.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு, பொருளைக் கைப்பற்றுவதையும் பட்டியல் தயாரித்துச் சாட்சிகள் கையொப்பமிடுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து, தாமதமின்றி நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது. இப்போது நான் குறுக்கு விசாரணைக்கு முன்பே அந்தப் பதிவின் முழு நகலைக் கேட்டு மனு போடுகிறேன். மூட்டை வெளியே எடுத்து வைக்கப்பட்ட பிறகு தொடங்கும் பதிவு எனக்குப் போதாது. வண்டி நிறுத்தப்பட்டதிலிருந்து அதுவரை நடந்தவற்றுக்கு அதிகாரி கூண்டில் ஏறிப் பதில் சொல்லியாக வேண்டும்.