டெக்ஸா ஸ்கேன் எடுத்தேன்: ரிப்போர்ட்டின் மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள்

எனக்கு 61 வயது. நின்ற இடத்திலேயே வழுக்கி, கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு உடைந்தது. எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டதோடு விடவில்லை, இந்த வயதில் இவ்வளவு லேசான விழுதலுக்கு எலும்பு உடையக் கூடாது, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாங்க என்றார். சில மாதங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பில் நடந்த இலவச முகாமில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்றார்களே என்று கேட்டேன். அது அல்ட்ராசவுண்ட், அதில் வரும் எண்ணும் டெக்ஸாவில் வரும் எண்ணும் ஒன்றல்ல, அதை வைத்து எலும்புத் தேய்மானம் (ஆஸ்டியோபோரோசிஸ், அடர்த்தி குறைந்து எலும்பு எளிதில் உடையும் நிலை) இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றார்.

முன்னேற்பாடு பெரிதாக ஒன்றுமில்லை. முந்தைய நாளிலிருந்து கால்சியம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், கரையாத மாத்திரை வயிற்றில் கிடந்தால் அதுவும் படத்தில் விழுமாம். சமீபத்தில் பேரியம் குடித்தோ மருந்து ஏற்றியோ ஸ்கேன் எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சில நாள் தள்ளிப்போடுவார்கள். சாப்பாட்டுக்குத் தடையில்லை. ஊக்கு, கொக்கி, ஜிப் எதுவும் இருக்கக் கூடாது என்று அவர்களுடைய அங்கியை மாட்டிவிட்டார்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனசில்லை என்றதும் ஸ்கேன் எடுக்கும் பெண் சிரித்துக்கொண்டே, வயிற்றுப் பக்கம் வராமல் மேலே ஏற்றிப் போட்டுக்குங்கம்மா, போதும் என்றார்.

எம்ஆர்ஐ மாதிரி குகைக்குள் போக வேண்டியதில்லை. திறந்த மேசையில் மல்லாந்து படுத்தால் மேலே ஒரு கை மெதுவாக நகர்ந்துபோகிறது, அவ்வளவுதான். இரண்டு வேறு வேறு சக்தியுள்ள எக்ஸ்ரேயை அனுப்புகிறார்கள், எலும்பும் சதையும் அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால் சதையைக் கழித்துவிட்டு எலும்பில் எவ்வளவு தாது இருக்கிறது என்று கணக்குப் போட முடிகிறது. முதுகுக்கு எடுக்கும்போது முழங்காலை மடக்கி ஒரு பஞ்சுக் கட்டையின் மேல் வைத்தார்கள், இடுப்புக்குப் பாதத்தை உட்பக்கமாகத் திருப்பிப் பட்டை போட்டார்கள். அது கொஞ்சம் இழுத்துப் பிடித்தது, வலி என்று சொல்ல முடியாது. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கதிர்வீச்சைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: நெஞ்சு எக்ஸ்ரேயை விடவும் இது குறைவு.

ரிப்போர்ட்தான் குழப்பம். டி ஸ்கோர் என்பது ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு நம்முடையதை ஒப்பிடும் எண். மைனஸ் 1 வரை சரி, அதற்குக் கீழே மைனஸ் 2.5 வரை அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புத் தேய்மானம், இது 1994-ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. இசட் ஸ்கோர் நம் வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது, மாதவிடாய் நின்றவர்களுக்கு டி ஸ்கோரைத்தான் பார்க்கிறார்கள்.

எனக்கு முதுகெலும்பு மொத்தம் மைனஸ் 1.3 என்று முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, என் மகன் அதற்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் வேறு போட்டுவிட்டான். டாக்டர் அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டுப் படத்தையும் கீழே இருந்த அட்டவணையையும் பார்த்தார். கீழ் முதுகின் இரண்டாவது எலும்பான எல்2 மைனஸ் 2.2, அதற்கு அடுத்த எல்3 மைனஸ் 0.6. பக்கத்துப் பக்கத்து எலும்பில் இவ்வளவு வித்தியாசம் இருக்காது, கீழ் முதுகின் மூட்டுகள் தேய்ந்து முள் மாதிரி எலும்பு வளர்ந்திருக்கிறது, மிஷின் அதையும் சேர்த்து எண்ணிவிட்டது, அதனால் எண் நன்றாகத் தெரிகிறது என்றார். நசுங்கிய முதுகெலும்பும் இப்படித்தான் அடர்த்தியாகக் காட்டுமாம். இடுப்பில், தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் என் எண் மைனஸ் 2.6, அதாவது எலும்புத் தேய்மானம். இத்தனைக்கும் அது இரண்டாம் பக்கத்தில் இருந்தது, யாரும் புரட்டிப் பார்க்கவில்லை!

அப்புறம் வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு என்று ரத்தப் பரிசோதனைகள். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறைய தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும்.

அடுத்த ஸ்கேன் இரண்டு வருஷம் கழித்து. இதே சென்டரில், இதே மிஷினில்தான் எடுக்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார், ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், வேறு மிஷினில் எடுத்தால் எலும்பு தேறியிருக்கிறதா என்று சொல்லவே முடியாது. அதனால் படங்களோடு இருக்கும் முழு ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், சில இடங்களில் ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.